பன்னிரண்டு இன்ஜின்களை நிற்க வைத்த ஏழாம் பக்கம்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று பம்புசெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதிலிருந்து தண்ணீர் வரும் என்பதுதான். ஆனால் பிரெஞ்சு தெரியும். பாண்டிச்சேரியில் பிறந்தவள், கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவள். துபாய் மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்தவரைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. 'பிரெஞ்சு டைப்பிஸ்ட் தேவை' என்று பேப்பரில் இரண்டு வரி விளம்பரம் பார்த்து தொழிற்பேட்டைப் பகுதியான அல் கூஸுக்குப் போனேன்.

டீசல் இன்ஜினையும் பம்பையும் ஒன்றாகப் பூட்டி, மரப்பெட்டியில் அடைத்து, ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றும் கம்பெனி. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சு பேசும் நாட்டுக்காரர்கள். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் வொர்க்‌ஷாப், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அந்தக் கதவை அடிக்கடி திறந்தால் ஏசி வெளியே போய்விடும் என்பதால் நான் அந்தப் பக்கமே போனதில்லை. பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் அதுவும் ஒரு காரணம்.

டெக்னிகல் மேனேஜர் வேணுகோபால் சார், கோயம்புத்தூர்க்காரர். எந்த பம்பையும் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். டீ குடிக்கும்போது தமிழ், வேலை என்று வந்தால் இங்கிலீஷ். அது அவர் போட்டுக்கொண்ட சட்டம்.

"மலையாளி இருக்கறான், பிலிப்பினோ இருக்கறான், பட்டாணி இருக்கறான். நாம ரெண்டு பேரும் தமிழ்ல பேசுனா அவங்களைப் பத்திப் பேசறோம்னு நெனைப்பாங்க அம்மிணி. வேலைன்னா இங்கிலீஷ்தான்."

அவருடைய இங்கிலீஷுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பர் துபாயில் ஏதோ ஒரு மாலை வகுப்பில் மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்திருந்தார். நிஜமான இங்கிலீஷ்காரன் பெரிய வார்த்தை பேசமாட்டான், சின்ன வார்த்தைகளை இரண்டு இரண்டாகக் கட்டிப் பேசுவான் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து 'எக்ஸ்டிங்விஷ்' என்பதை விட்டுவிட்டு 'புட் அவுட்' என்பார். 'டோலரேட்' போய் 'புட் அப் வித்' வந்தது. கம்பெனியின் இயக்கக் கையேடு இருபத்து நான்கு பக்கத்தையும் இந்த முறையில் தானே திருத்தி எழுதியிருந்தார்.

முதல் நாள் எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். டர்ன் ஆன், டர்ன் ஆஃப், வேகத்தை டர்ன் அப், டர்ன் டவுன், மெக்கானிக் டர்ன் அப் ஆகவில்லை என்றால் போன் செய்யவும். ஐந்து வரி. நான் ஐந்துக்கும் ஐந்து வேறு வேறு பிரெஞ்சு வினைச்சொற்களை எழுதிக் கொடுத்தேன். விரல் வைத்து எண்ணிப் பார்த்தார்.

"ஒரு டர்னை வெச்சுட்டு நாம அஞ்சு வேலை பாத்தமுங்க. பிரெஞ்சுக்காரன் எதுக்கு அஞ்சு வார்த்தையைச் செலவு பண்றான்?"

"அவங்க மொழி அப்படி சார்."

"செரி. நாளைலிருந்து வந்துருங்க. மூணு மாசம் புரொபேஷன்."

2. டிரைவர் உங்களை விட்டுவிடுவார்

இரண்டாவது வாரம் மொரிட்டானியாவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. வேணுகோபால் சார் ஃபேக்ஸ் ஒன்று எழுதிக் கொடுத்தார். எங்கள் டிரைவர் உங்களை ஏர்போர்ட்டில் 'பிக் அப்' பண்ணி, ஹோட்டலில் 'டிராப் ஆஃப்' பண்ணுவார். அவ்வளவுதான் விஷயம்.

நான் படித்த பிரெஞ்சில் அரசர்களும் விதவைகளும் மேடையில் நின்று நீளநீளமாகப் புலம்புவார்கள். யாரும் யாரையும் ஹோட்டலில் இறக்கிவிட்டதில்லை. டிராப் என்றால் கீழே போடுவது என்று வைத்துக்கொண்டு, 'எங்கள் டிரைவர் உங்களை ஹோட்டல் வாசலில் கீழே விழ விடுவார்' என்று பொருள்படும் பிரெஞ்சில் அழகாக டைப் அடித்து அனுப்பிவிட்டேன்.

வந்தவர் பெரிய மனிதர், வெள்ளை அங்கி போட்டவர். மறுநாள் ஆபீஸுக்கு வந்ததும் என் மேஜைக்கு நேராக வந்து சொன்னார்: "மேடம், உங்கள் டிரைவர் மிக நல்லவர். வண்டியை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் என்னை விட்டார். நான்தான் வழியெல்லாம் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்."

அவர் சிரித்தார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. வேணுகோபால் சாருக்குப் பிரெஞ்சு தெரியாததால், வாடிக்கையாளர் மிகவும் திருப்தியாக இருக்கிறார் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார்.

இதிலிருந்து நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அது தப்பான பாடம். என் அகராதி சின்னதாக இருப்பதுதான் பிரச்சினை என்று முடிவு செய்து, அந்த வெள்ளிக்கிழமையே கணவரைக் கூட்டிக்கொண்டு போய் இருந்ததிலேயே பெரிய அகராதியை வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

3. குதிரை

இரண்டாவது மாதம் ஜிபூட்டியிலிருந்து ஒரு ஆர்டர். அங்கே ஒரு காய்கறித் தோட்டக்காரர்கள் சங்கத்துக்குப் பன்னிரண்டு பம்புசெட். கையேடு முழுவதும் பிரெஞ்சில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் மொஸ்யூ இத்ரீஸ்.

உதவிக்கு ஒருவரையும் கேட்காமல் இருபத்து நான்கு பக்கத்தையும் நானே மொழிபெயர்த்தேன். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் பிரெஞ்சு எழுத்துக்கு மேலே வரும் குறிகளுக்கு விசை கிடையாது. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நூற்று முப்பது என்று அடித்தால் ஒரு குறி, வேறொரு எண் அடித்தால் இன்னொரு குறி. இருபத்து நான்கு பக்கத்திலும் ஒரு குறி தவறவில்லை. எனக்கு என்மேலேயே பெருமை.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி. முதல் ஐம்பது மணி நேரம், லைட் லோடில், இன்ஜினை 'பிரேக் இன்' செய்யவும்.

புது இன்ஜினை முதலிலேயே முழு வேகத்தில் முடுக்காமல், கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிப் பழக்குவார்கள். இன்றைக்கு எனக்கு அது தெரியும். அன்றைக்குத் தெரியாது. அகராதியைத் திறந்தேன். பிரேக் இன்: பூட்டை உடைத்துத் திருடப் புகுவது. அடுத்தது, பேச்சின் நடுவே குறுக்கிடுவது. அடுத்தது, புதுச் செருப்பைப் போட்டு நடந்து தளர்த்துவது. அடுத்தது, குதிரையைப் பழக்குவது. இன்ஜினைக் காணோம்.

யோசித்தேன். திருட்டு இல்லை. குறுக்கீடு இல்லை. செருப்பு இல்லை. ஆனால் இந்த இன்ஜின் எட்டுக் குதிரைத்திறன் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதே! குதிரை என்றே முடிவு செய்தேன். குதிரையைப் பழக்குவதற்குப் பிரெஞ்சில் 'த்ரெஸ்ஸே' என்று ஒரு வினை. போட்டேன். லோடுக்கு 'ஷார்ஜ்'.

இரண்டு சொல்லுக்கும் இன்னொரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் மண்டைக்குள் அப்போது குதிரை ஓடிக்கொண்டிருந்தது. 'த்ரெஸ்ஸே' என்றால் முதல் பொருளே ஒன்றைச் செங்குத்தாக நிமிர்த்தி வைப்பது. கம்பத்தை நடுவதற்கும் அதே சொல்தான். 'ஷார்ஜ்' என்றால் தலைச்சுமையும்தான். ஆகப் படிக்கிறவர் கண்ணுக்கு என் வரி இப்படித் தெரியும்: 'முதல் ஐம்பது மணி நேரம், இலேசான சுமையின் கீழ், இன்ஜினைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கவும்.'

சரக்கு போய்ச் சேர்ந்தபின் ஒரு ஃபேக்ஸ் வந்தது. 'ஏழாம் பக்கத்தில் இலேசான சுமை என்று இருக்கிறது. எவ்வளவு என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.'

நான் வேணுகோபால் சாரிடம் போய், "சார், லைட் லோடுன்னா எவ்வளவுன்னு கேக்கறாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க அம்மிணி, கையேட்டை எழுத்தெண்ணிப் படிக்கற கஸ்டமர்! இருபது பெர்சென்ட்னு அனுப்புங்க."

அனுப்பினேன்.

4. ஃபேக்ஸ்

நான்கு நாள் கழித்து ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு ஃபேக்ஸ் மெஷின் கர்ரென்று இழுக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு கடிதம் வந்தது. பின்னாலேயே ஒரு படம்.

ஃபேக்ஸில் வரும் படம் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஒரு கொட்டகை. அதற்குள் பன்னிரண்டு இன்ஜின்கள் இரண்டு வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியதுபோல, நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன மூட்டை.

கடிதத்தை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்: 'ஆறாம் பக்கப்படி எண்ணெய் நிரப்பினோம். ஏழாம் பக்கப்படி ஐம்பது மணி நேரம் நிறுத்தி வைத்தோம். இன்ஜினின் எடை அறுபது கிலோ என்பதால், தாங்கள் கூறிய இருபது சதவீதத்துக்கு ஒவ்வொன்றின் மீதும் பன்னிரண்டு கிலோ அரிசி வைத்தோம். காற்று வடிகட்டி வழியாக எண்ணெய் சொட்டுகிறது. இது இயல்புதானா? இன்று பதினோரு மணிக்கு மாவட்ட அதிகாரி வந்து முதல் இன்ஜினைத் தொடங்கி வைக்கிறார்.'

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்ன தப்பு என்று இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் இன்ஜின் தலையில் அரிசி மூட்டை இருக்கக் கூடாது என்ற அளவுக்குப் புரிந்தது. ஃபேக்ஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிஷம் நின்றேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? புரொபேஷன் முடிய ஒன்பது நாள் இருந்தது. பிறகு அந்த அதிகாரி இன்ஜினில் கைவைப்பது கண்ணுக்குள் வந்தது. நேராக வேணுகோபால் சார் அறைக்குப் போய்ப் படத்தை மேஜையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"இதென்னுங்க அம்மிணி? எக்சிபிஷனா?"

"இல்ல சார். ஏழாம் பக்கம்."

பிரேக் இன், குதிரை, அரிசி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"சிலிண்டருக்குள்ள எண்ணெய் எறங்கியிருக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணுனா கனெக்டிங் ராடு வளைஞ்சு போயிருமுங்க. பன்னெண்டும் போச்சு! போனைப் போடுங்க!"

5. போன்

ஜிபூட்டியின் நேரம் துபாய்க்கு ஒரு மணி பின்னால். அங்கே பதினொன்று என்றால் இங்கே பன்னிரண்டு. லைன் கிடைக்கவே பதினோரு மணி தாண்டிவிட்டது. கடைசியில் அந்த ஊர் அலுவலகத்தில் யாரோ எடுத்து, மொஸ்யூ இத்ரீஸைக் கூட்டி வந்தார்கள். நிதானமான, தெளிவான பிரெஞ்சு. ஒவ்வொரு எழுத்தையும் தனியாக எடுத்து வைப்பது போன்ற பேச்சு.

"தொடங்காதீர்கள், மொஸ்யூ! தயவுசெய்து எதையும் தொடங்காதீர்கள்!"

"ஆனால் அதிகாரி இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார், மேடம். பந்தல் போட்டாகிவிட்டது."

வேணுகோபால் சார் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, வேலை என்பதால், இங்கிலீஷில் ஆரம்பித்தார். "டெல் ஹிம்! லே இட் டவுன். டேக் அவுட் தி இன்ஜெக்டர். டர்ன் இட் ஓவர். ப்ளோ இட் அவுட். வைப் இட் ஆஃப். புட் இட் பேக். டாப் இட் அப். ப்ளீட் இட் ஆஃப்!"

எட்டு வரி, எட்டுக் கண்ணிவெடி. படுக்க வைப்பதையும் இன்ஜெக்டரைக் கழற்றுவதையும் சொல்லிவிட்டேன். அடுத்தது டர்ன் இட் ஓவர். 'தலைகீழாகப் புரட்டுங்கள்' என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்தப் பக்கம் மொஸ்யூ இத்ரீஸ் அதை எழுதிக்கொண்டார். பிறகு, மிக மரியாதையாக: "மேடம், ஐம்பது மணி நேரம் நிறுத்தி வைத்தோம். இப்போது படுக்க வைக்கச் சொன்னீர்கள். இனித் தலைகீழாகவா? அதுவும் ஐம்பது மணி நேரமா? ஏனென்றால் அதிகாரி மதிய உணவுக்குத் திரும்ப வேண்டும்."

போனைக் கையால் மூடிக்கொண்டேன். "சார், டர்ன் ஓவர்னா என்ன?"

"டர்ன் ஓவர்னா டர்ன் ஓவர்தானுங்க!"

"சார், தயவுசெஞ்சு தமிழ்ல சொல்லுங்க."

அவர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொத்த ஆபீஸும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு சட்டத்தை விட்டார். கையை இன்ஜின் இருப்பதுபோலக் காற்றில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பட்டறையில் நிற்கிறவர்போலப் பேச ஆரம்பித்தார்.

"ஹேண்டிலைப் போட்டுக் கையால சுத்தச் சொல்லுங்க. பத்துச் சுத்து. இன்ஜெக்டர் இருந்த ஓட்டை வழியா எண்ணெய் பீச்சி அடிக்கும், ஆரும் மூஞ்சியக் காட்ட வேண்டாம்னு சொல்லுங்க. அடிச்சு முடிஞ்சதும் சுத்தமாத் தொடச்சுப்போட்டு, இன்ஜெக்டரை மாட்டிப்போட்டு, கொறைஞ்ச எண்ணெயை ஊத்திக்கச் சொல்லுங்க. டீசல் லைன்ல காத்துப் புடிச்சிருக்கும். நட்டைச் சித்தத் தளர்த்திக் காத்தை வெளிய விட்டுப்போட்டு முறுக்கச் சொல்லுங்க. அப்பறம் ஸ்டார்ட் பண்ணலாம்."

எனக்கு ஆச்சரியம். ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை. சுத்து, பீச்சு, தொடை, மாட்டு, ஊத்து, தளர்த்து. ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் சொல்லும் ஒரே வினை. அவர் சொல்லச் சொல்ல அப்படியே பிரெஞ்சில் போய் உட்கார்ந்தது. மொஸ்யூ இத்ரீஸ் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

"புரிந்தது மேடம். இது புரிந்தது. ஏழாம் பக்கம்தான் சற்றுக் கடினமாக இருந்தது."

சாயங்காலம் வரை நானும் வேணுகோபால் சாரும் ஃபேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். அவர் ஒரே ஒரு முறை மட்டும், "என்ற இன்ஜின் தலைல அரிசி மூட்டை வெச்சுப்போட்டீங்களே அம்மிணி" என்றார். கோபம் இல்லை, துக்கம் விசாரிக்கிற குரல்.

நாலரைக்குச் செய்தி வந்தது. பத்து இன்ஜின் ஓடுகிறது. பதினொன்றாவதை நாளை சரிசெய்துவிடுவார்கள். பன்னிரண்டாவதை, பொறுமையில்லாத தோட்டக்காரர் ஒருவர் முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் கீழே இறக்கி ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, மறுபடி நிற்க வைத்திருக்கிறார். அதற்கு மட்டும் ராடு வளைந்துவிட்டது. மாவட்ட அதிகாரி தானே ஹேண்டிலைச் சுற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். முகத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்லியும் குனிந்து பார்த்தாராம். பாராட்டுரையைச் சட்டையில்லாமல் நிகழ்த்தினாராம்.

6. கண்ணாடிக் கதவு

மறுநாள் வேணுகோபால் சார் என்னைக் கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

"அந்த ஏழாம் பக்கத்துல கடைசில கையெழுத்துப் போட்டது ஆரு?"

"நீங்க சார்."

"அப்ப நானும்தான மூட்டையைத் தூக்கி வெச்சிருக்கறேன். செரி, எந்திரிங்க." கண்ணாடிக் கதவைத் தானே திறந்து என்னை வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனார். ஃபோர்மேன் குல்சார் பாய், பெஷாவர்க்காரர். அவரிடம் இந்தியில், இந்தம்மா கேட்பதையெல்லாம் செய்து காட்டுங்கள், சொல்ல வேண்டாம், செய்து காட்டுங்கள் என்றார்.

"அச்சா, பெஹன்ஜி," என்று குல்சார் பாய் என்னைச் சகோதரியாக்கிக்கொண்டார். ஏழாம் பக்கத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. ஒரு புது இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வேகத்தைக் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சமாக மட்டும் இறைக்கவிட்டார். "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா. பச்சாஸ் கண்ட்டா. பஸ்." மெதுவாக, ஐம்பது மணி நேரம், அவ்வளவுதான். பிரெஞ்சில் அதற்கு 'ரொதாஜ்' என்று தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. என் பெரிய அகராதியிலும் இருந்தது, வேறொரு பக்கத்தில்.

அதன்பின் இருபத்து நான்கு பக்கத்தையும் மறுபடி செய்தேன். வேணுகோபால் சார் ஒவ்வொரு வரியையும் முதலில் தமிழில் சொல்வார். நான் அதைப் பிரெஞ்சில் எழுதுவேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இங்கிலீஷ்காரன் தெருவை 'ரன் அக்ராஸ்' செய்வான். ஓடுவது வினை, கடப்பது ஒட்டுச்சொல். நாம் ஓடிக் கடக்கிறோம். கடப்பதுதான் முக்கிய வினை. பிரெஞ்சுக்காரனும் ஓடிக்கொண்டேதான் கடக்கிறான். நீந்திக் கடப்பது, நொண்டிக்கொண்டே வெளியேறுவது, எல்லாம் அப்படியே. இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பங்காளிகள்போல நடந்துகொள்கின்றன. மூன்று வருடப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

இங்கிலீஷ் ஒட்டுச்சொற்களில் நீங்கள் மாட்டிக்கொண்டால் இதைச் செய்து பாருங்கள். முதல் சொல்லை விடுங்கள். அந்தச் சின்னச் சொல்லைப் பாருங்கள். பாதி நேரம் வேலை அதில்தான் ஒளிந்திருக்கும். பிறகு, கடைசியில் எந்தப் பொருள் எங்கே போய் நிற்கிறது என்று உங்கள் மொழியில் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

புரொபேஷன் முடிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் இன்ஜின் பாகங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டேன்.

7. மொஸ்யூ இத்ரீஸ்

ஒரு வருடம் கழித்து அவர் துபாய்க்கு வந்தார், இன்னும் இருபது பம்புசெட் வாங்க. மெலிந்த உடம்பு, தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. வேணுகோபால் சார் என்னை அறிமுகப்படுத்துவதற்குள் நானே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மேடம், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் வேறு ஒரு கம்பெனியின் பம்பும் இருக்கிறது. அதன் கையேட்டில் வரிக்கு இரண்டு பிழை. அதனால் யாரும் அதைப் படிக்கவில்லை. தோட்டக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி ஓட்டினார்கள். நன்றாகவே ஓடுகிறது."

"எங்களுடையது?"

"நான் இருபத்திரண்டு வருடம் பள்ளியில் பிரெஞ்சு டிக்டேஷன் போட்டவன். உங்கள் கையேட்டைச் சிவப்புப் பேனாவோடு படித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு குறி தவறவில்லை. ஏழாம் பக்கம் வந்ததும் தோட்டக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், இன்ஜினை யாராவது நிற்க வைப்பார்களா என்று. நான்தான் அவர்களை அதட்டினேன். இவ்வளவு சுத்தமாக எழுதத் தெரிந்தவருக்குக் காரணம் தெரியாமலா இருக்கும் என்று கேட்டேன்."

நான் அதை வேணுகோபால் சாருக்குத் தமிழில் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டு, "அம்மிணி, இருபது இன்ஜினையும் குல்சாரை விட்டு இங்கயே அம்பது மணி நேரம் ஓட்டியே அனுப்பச் சொல்லிர்றேன்" என்றார். அப்படியே செய்தார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் வளைகுடாவில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். பிழையுள்ள பக்கத்தைப் படிக்கிறவர்களே சரிசெய்துகொள்வார்கள். அழகாக, தப்பில்லாமல் எழுதிய தப்பைத்தான் அவர்கள் அப்படியே நம்பிச் செய்வார்கள். அதனால், ஒரு வரி ரொம்ப நன்றாக வந்துவிட்டது என்று எப்போதாவது தோன்றினால், நாற்காலியை விட்டு எழுந்து, வொர்க்‌ஷாப்புக்குப் போய், அங்கே இருப்பவரிடம் படித்துக் காட்டுவேன். அவர் சிரித்தால், திரும்பி வந்து அழித்துவிடுவேன்.